இரண்டரை வினாடி

மதிப்பிற்குரிய சேனாதிபதி ஐயா அவர்களுக்கு,

மாடிக் குளியலறைக் குழாய் ஒழுகுவதை நானே சரிசெய்துவிட்டேன். அதற்காக நீங்கள் பழனியிலிருந்து ஆள் அனுப்ப வேண்டியதில்லை. பின்பக்கத்து பிளம்ஸ் மரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. காட்டெருமை இரண்டு முறை வந்து வேலியைச் சாய்த்துவிட்டுப் போனதைத் தவிர, உங்கள் வீட்டுக்கு வேறு சேதம் எதுவும் இல்லை.

நேற்று போனில் நீங்கள் கேட்டது இதையெல்லாம் அல்ல என்பது எனக்குத் தெரியும். "என்னப்பா ராஜ்மோகன், கீழ்வீட்டுப் புள்ள கல்யாணம் நின்னதுக்கு உன் கட்டிலுக்கடியில கெடக்குற பெட்டிதான் காரணம்னு சொல்றாக. அந்தப் புள்ள போலீஸுக்குப் போறேன்னு நிக்குது. நீ என்ன செஞ்சேன்னு ஒரு பக்கம் எழுதி வெரசா அனுப்பு, நான் பேசிப் பாக்குறேன்" என்றீர்கள். ஒரு பக்கத்தில் அடக்கத்தான் முயன்றேன். அறிவியல் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் நீண்டுவிட்டது. பஞ்சாமிர்தக் கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து நிதானமாகப் படியுங்கள்.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாததால் அடியிலிருந்தே தொடங்குகிறேன். நம் காம்பவுண்டில் நான்கு குடித்தனம். மாடியில் நான். எனக்குக் கீழே சுதாராணியும் அவர் அம்மா விசாலாட்சி அம்மாளும். பக்கத்துப் போர்ஷனில் அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கும் ஞானவேல். தோட்டத்து ஓர வீட்டில் வனத்துறையில் ஓய்வு பெற்ற ஆண்டிச்சாமி அண்ணனும் ராக்காயி அக்காவும். நான்கு வீட்டுக்கும் சேர்த்து என் பெயரில் ஒரே ஒரு பிராட்பேண்ட் லைன். அதுவும் மழை பெய்தால் படுத்துக்கொள்ளும் லைன். ஒரே குழாயில் நான்கு வீட்டுக்காரர்கள் தண்ணீர் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஞானவேல் நெட்டிலிருந்து மாதிரி வினாத்தாள் இறக்கினால் (அவர் மாதிரி வினாத்தாள் என்றுதான் சொன்னார், நான் கேள்வி கேட்கவில்லை) ஆண்டிச்சாமி அண்ணனுக்குப் பேரன் படம் பாதி முகத்தோடு நின்றுவிடும்.

இதைத் தீர்த்துவைக்க வேண்டியவன் நான்தான் என்று எனக்குத் தோன்றியது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் என்று மட்டுமே நீங்கள் என்னை அறிவீர்கள். மதுரையில் நான்கு வருடம் இதே விஷயத்தில்தான் ஆராய்ச்சி செய்தேன். ஒரு லைனில் ஓடும் போக்குவரத்தைப் பார்த்து, எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று கம்ப்யூட்டரே தீர்மானிப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. டாக்டர் பட்டம் பாதியில் நின்றது. என் வழிகாட்டிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. என்னிடம் நிதானம் அதிகம் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

வழக்கமாகப் புரோகிராம் எழுதுகிறவர்கள் விதி எழுதுவார்கள். இது வந்தால் இதைச் செய், அது வந்தால் அதைச் செய் என்று. என் முறை வேறு. சில ஆயிரம் உதாரணங்களைக் காட்டி, இது அவசரம், இது அவசரம் இல்லை என்று சொல்லிக்கொடுத்தால், நான்கு வீட்டு நெட்டும் தன் வழியாகப் போகும்படி என் கட்டிலுக்கடியில் நான் வைத்த கம்ப்யூட்டர் பெட்டி அவற்றிலிருந்து தானாகவே கற்றுக்கொள்ளும். பிறகு புதிதாக எது வந்தாலும் அதுவே முடிவெடுக்கும். இதற்கு மெஷின் லேர்னிங் என்று பெயர். இந்த இடத்தில் தயவுசெய்து ஒரு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்: நான் பெட்டிக்கு உத்தரவு எதுவும் போடவில்லை. அது கற்றுக்கொண்டது.

போன வருடத் தொடக்கத்தில், 2008 ஜனவரியில், வீட்டுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். நெட்டில் உட்காரும்போதெல்லாம் நேரத்தை எழுதி, அவசரமான வேலை என்றால் ஒன்று, இல்லை என்றால் சுழி போட வேண்டும். ஒரு மாதம் இப்படிச் செய்தால் போதும் என்றேன். எல்லோரும் ஒழுங்காகச் செய்தார்கள். அதில்தான் வினையே வந்தது.

நம் ஊர்ப் பந்தியில் நடப்பது உங்களுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றால் இலைமேல் கையை விரித்துப் போதும் போதும் என்பார்கள். பசி தீராதவரும் விரிப்பார். பரிமாறுகிறவரும் அதைத் தெரிந்துகொண்டு கைக்கு மேலேயே சோற்றைத் தள்ளுவார். மனிதர்களுக்கு இந்தப் பழக்கம் புரியும். பெட்டிக்குப் புரியாது.

ஆண்டிச்சாமி அண்ணன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "நமக்கென்ன தம்பி அவசரம், ரிட்டயர்டு ஆளு. அந்தப் படிக்கிற பையனுக்கு விடுங்க" என்றார். உள்ளே முழுக்கச் சுழி. ஞானவேலோ, "நான் வெள்ளனே எந்திரிச்சுப் பாத்துக்கிறேண்ணே, பெரியவங்களுக்குக் குடுங்க" என்றார். அவருடையதும் முழுக்கச் சுழி. சுதாராணி தன் நோட்டுக்கு அட்டை வேறு போட்டிருந்தார். "என்னோடது சும்மா பேச்சுதான் சார். நீங்க மொதல்ல உங்க சோலியப் பாருங்க" என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை ஆறு மணிக்கு எதிரே, உருண்டையான கையெழுத்தில், ஒரு சுழி. என் நோட்டில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு ஒன்றுகள் இருந்தன. உள்ளதை உள்ளபடி எழுதியவன் காம்பவுண்டிலேயே நான் ஒருவன்தான்.

இந்த நான்கு நோட்டையும் வைத்துத்தான் பெட்டி படித்தது. மாடியிலிருந்து வருவதெல்லாம் அவசரம், மற்றதெல்லாம் காத்திருக்கலாம் என்று தெரிந்துகொண்டது. இரண்டே நாளில் நான் இதைக் கவனித்துவிட்டேன். திருத்தியிருக்கலாம். ஆனால் மக்கள் தங்கள் கையால் எழுதிக்கொடுத்ததில் ஆராய்ச்சியாளன் கைவைக்கக் கூடாது. தவிர, எனக்கு நெட் மிகவும் வேகமாக வந்தது.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஒருவரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார்கள். "நாங்க நெட்ட ரொம்ப இழுக்குறோமோ தம்பி?" என்று ராக்காயி அக்கா கவலைப்பட்டு, பள்ளங்கி கிராமத்தில் உள்ள தன் தம்பி தோட்டத்திலிருந்து வந்த கேரட்டில் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். பரவாயில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இனி சுதாராணி விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட கருத்து எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது முப்பத்திரண்டு. ஏரிப் பக்கம் ஒரு ஓட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை. இடது கையால் எழுதுவார். பச்சை ஸ்வெட்டரில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். மாடிப்படி ஏறும்போது ஏழாவது படியில் ஒரு நொடி நிற்பார். ஒரே காம்பவுண்டில் இருந்தால் இதெல்லாம் கண்ணில் படத்தான் செய்யும்.

அவர் அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்பது உங்களுக்கே தெரியும். சின்ன வயதில் கப்பலேறி இங்கே வந்து, எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்து, புருஷன் போன பிறகு தனியாளாக நின்று மகளைப் படிக்க வைத்தவர். நான் கீழே போனால் "தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார். மூன்று வருடத்தில் ஒரு முறைகூட அவர் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. நானும் ஒரு முறைகூட உட்கார்ந்து குடித்ததில்லை. என்ன பேசுவது என்று தெரியாது.

மாப்பிள்ளை பாலகுமார் கன்னிவாடிக்காரர். தோஹாவில் கிரேன் பராமரிப்பு வேலை. இரண்டு பக்கமும் பேசி முடித்து, வைகாசியில் அவர் லீவில் வரும்போது நிச்சயம், ஆவணியில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். அதுவரை வாரம் ஒரு முறை நெட்டில் பேசிப் பழகட்டும் என்று விட்டிருந்தார்கள். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே சுதாராணி டியூட்டி முடிந்து ஐந்து மணிக்கு வந்துவிடுவார். ஆறு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார்.

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை படியேறி வந்தார். ஏழாவது படியில் நின்றார், பிறகு மேலே வந்தார். "சார், பேச்சு விட்டு விட்டு வருது. நீங்க ஃப்ரீயா இருக்கும்போது கொஞ்சம் பாக்குறீங்களா? அவசரமில்ல" என்றார். நோட்டில் சுழி போட்டது அவரேதான் என்று நான் சுட்டிக்காட்டவில்லை. அவருடைய வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு மட்டும் சுழியை ஒன்றாக மாற்றிப் பெட்டிக்கு மறுபடி பாடம் நடத்தினேன். என்மேல் தப்பெண்ணம் கொண்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் முதலில் அவருக்கு உதவிதான் செய்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சு தெளிவாகப் போனது. சரியாக ஆறு பத்துக்குச் சுதாராணி சிரித்தார்.

என் அறையின் தரை மரப்பலகை. எனக்கு முதுகுவலி உண்டு, கட்டாந்தரையில் படுக்கச் சொல்லி டாக்டரின் ஆலோசனை. அதனால் அந்த நேரத்தில் நான் தரையில் படுத்திருந்தேன். அவர் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. புன்னகைப்பார், அது ஓட்டலில் எல்லோருக்கும் தருவது. இது அடக்க முடியாமல், மூச்சுத் திணறி, "ஐயோ போதும்" என்று கெஞ்சும் சிரிப்பு. எனக்கு அது பிடிக்கவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் மூடிவைத்தேன். மத்தியானம் சாப்பிட்ட பரோட்டா என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து நான் செய்தது முழுக்க ஆராய்ச்சி. நெட்டில் பேசும் பேச்சு சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகும். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்கிற ஈனப் புத்தி எனக்குக் கிடையாது. ஆனால் பொட்டலத்தின் அளவை வெளியிலிருந்தே பார்க்கலாம். சும்மா இருக்கும்போது சிறியதாக வரும், பேசினால் பெரிதாகும். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பெருத்து, விட்டு விட்டு வரும். கீழே சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் படுத்தபடியே ஒரு பட்டனை அழுத்தி ஒன்று என்று குறித்தேன். மூன்றே வெள்ளிக்கிழமையில் அறுபத்தொரு சிரிப்பு சேர்ந்தது. அதன் பிறகு பெட்டிக்கு என் காது தேவைப்படவில்லை. சுதாராணி சிரிக்கப்போகிறார் என்பதைச் சிரிப்பதற்குச் சற்று முன்பே அது கண்டுபிடித்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு முறை சரி. என் வழிகாட்டி இதைப் பார்த்திருந்தால் பட்டத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்திருப்பார்.

ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருந்தால் அதை வைத்து எதையாவது செய்துபார்க்கத் தோன்றும் இல்லையா? நானும் செய்துபார்த்தேன். சிரிப்பு வரப்போகிறது என்று பெட்டி சொன்னால், பாலகுமாரின் குரலை ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் பிடித்துவைத்து அனுப்பும்படி அமைத்தேன். மிகச் சிறிய அளவுதான். ஆனால் சிரிக்க வைக்கிற பேச்சு அந்த அளவைத் தாங்கவில்லை. ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர் "என்ன?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க." "இல்ல, நீங்க சொல்லுங்க." நம் மக்களின் மரியாதை எனக்கு மறுபடி கைகொடுத்தது. இரண்டு பேரும் மாறி மாறி வழிவிட்டு, கடைசியில் ஒருவரும் பேசாமல் நின்றார்கள்.

மார்ச் முடிவதற்குள் அரை வினாடி, ஒன்று, ஒன்றரை என்று ஏற்றினேன். சிரிப்புக்கு மட்டும் என்று இருந்ததை எல்லாப் பேச்சுக்கும் ஆக்கினேன். ஏப்ரலில் இரண்டரை வினாடி. ஏன் அதற்குமேல் போகவில்லை என்றால், மூன்று வினாடி ஆனால் லைன் கோளாறு என்று யாராக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டரை என்பது மனிதன் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்.

நீங்களே நினைத்துப் பாருங்கள் ஐயா. ஒரு பெண், "என்ன உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்கிறாள். அவன் உடனே பிடித்திருக்கிறது என்று சொல்கிறான். அது அவளுக்கு இரண்டரை வினாடி கழித்துப் போய்ச் சேர்கிறது. அந்த இடைவெளியில் அவள் எத்தனை எண்ணியிருப்பாள்? அவன் பக்கமும் அப்படித்தான். அவன் கேட்டது இவளுக்குத் தாமதமாக வருவதால் இவள் பதிலும் அவனுக்குத் தாமதமாகவே போகும். ஒருவர் குரலை நிறுத்தினால் இருவருமே தயங்குகிறவர்கள் ஆகிவிடுவார்கள். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஒரு அழைப்பைக்கூட நான் துண்டிக்கவில்லை. ஒரு சொல்லையும் அழிக்கவில்லை. பாலகுமார் சொன்னது அத்தனையும், எழுத்து குறையாமல், சுதாராணியின் காதுக்குப் போனது. கொஞ்சம் பிந்திப் போனது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸும்தான் பிந்தி வருகிறது. தவிர, உண்மையான பிரியம் இரண்டரை வினாடியைத் தாங்காதா என்றும் நினைத்தேன். தாங்கினால் அவர்களுக்கு நல்லது. ஒருவகையில் அது அவர்களுக்கு வைத்த பரீட்சை.

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் சுதாராணி மறுபடி படியேறி வந்தார். இந்த முறை ஏழாவது படியில் நிற்கவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "சார், ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்" என்றார்.

சொல்லுங்கள் என்றேன்.

"நான் எது கேட்டாலும் அவர் யோசிச்சு யோசிச்சுப் பதில் சொல்றாரு சார். முன்னாடி அப்படி இல்ல. அம்மாகிட்ட சொன்னா, நெட்டுல ஏதாச்சும் கோளாறா இருக்கும், அந்தத் தம்பியக் கேளுங்குது. அதான் வந்தேன். நெட்டுல கோளாறா, இல்ல அவருக்கே மனசில்லையா?"

அவர் கண் கலங்கியிருந்தது. நெட்டில்தான் கோளாறு என்ற பதிலைக் கேட்கத்தான் வந்திருந்தார். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அதில் ஒரு பச்சைக் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அது மாடிக்கு வரும் என் நெட்டின் கோடு, அவருடையது அல்ல.

"நெட் நல்லாத்தாங்க இருக்கு" என்றேன்.

அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு, "தேங்க்ஸ் சார். உங்களுக்கு வீண் சிரமம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பு இருபத்தொரு நிமிடத்தில் முடிந்தது. வழக்கமாக ஒரு மணி நேரம் போகும். அதன்பின் சுதாராணி பாலகுமாரோடு நெட்டில் பேசவே இல்லை. அன்றைக்கு நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன் என்பது நினைவிருக்கிறது. வைகாசியில் நிச்சயம் நடக்கவில்லை. உங்களுக்கும் அப்போதே சொல்லியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலைகள் அமைதியாகிவிட்டன. என் முதுகுவலியும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் போனது. இடையில் இரண்டு மூன்று முறை சுதாராணியின் கம்ப்யூட்டரைச் சரிபார்த்துக் கொடுத்தேன். "அன்னைக்கு நீங்க உள்ளதச் சொன்னதாலதான் சார் நான் தப்பிச்சேன்" என்று ஒரு நாள் சொன்னார். யாராவது நன்றி சொன்னால் பெரிதுபடுத்தாமல் இருப்பது என் வழக்கம்.

போன புதன்கிழமை வந்த போன்தான் எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. சாதாரணப் போன். என் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாலகுமார் கன்னிவாடியிலிருந்து பேசியிருக்கிறார். உத்தமபாளையத்தில் தனக்குப் பெண் பார்த்துத் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, அடுத்தவர் சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது, அதனால் நானே சொல்கிறேன் என்றிருக்கிறார். அந்த மனிதர் நல்ல மனிதர்தான். அதை நான் என்றும் மறுத்ததில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே சுதாராணிக்கு உறைத்திருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சட்டென்று வந்து விழுகிறது. சோதித்துப் பார்க்க இன்னொன்று கேட்டிருக்கிறார். அதற்கும் உடனே பதில். "நீங்க ஏன் அப்பல்லாம் அவ்வளவு யோசிச்சுப் பேசினீங்க?" என்று கேட்டாராம். "நானா? நீங்கதான யோசிச்சு யோசிச்சுப் பேசினீங்க. உங்களுக்கு இஷ்டமில்ல போலன்னு நெனச்சேன்" என்றாராம் அவர்.

அரை மணி நேரத்தில் சுதாராணி மாடிக்கு வந்தார். பின்னாலேயே விசாலாட்சி அம்மாள், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். நான் மறைக்கவில்லை. கேட்டதும் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து, பதிவு முழுவதையும் திரையில் காட்டினேன். உண்மையைச் சொன்னால், ஒன்றரை வருட உழைப்பை ஒருவரிடமாவது காட்டக் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. தேதி, நேரம், எத்தனை வினாடி என்று வரிசையாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

"இது என்ன சார்?"

"சிரிப்பு."

"நான் சிரிச்சதையெல்லாம் எண்ணி வச்சிருக்கீங்களா?"

தொண்ணூற்றிரண்டு சதவீதம் சரியாக இருக்கும் என்று சொன்னேன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசி வெள்ளிக்கிழமை நடந்ததை அப்போதுதான் சொன்னார். என்னிடம் சொன்னாரா, அம்மாவிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. "கல்யாணத்துக்கப்புறம் அம்மா என்கூடத்தான் இருக்கணும், சம்மதமான்னு கேட்டேன். பதிலே இல்ல. நான் பொறுக்க மாட்டாம, அப்ப எங்கம்மா இங்கயே தனியாக் கெடக்கட்டும்ங்கிறீங்களான்னு கேட்டேன். கேட்டு வாய மூடல, சம்மதம்தாங்கன்னு வந்துச்சு. அந்தக் குரல்ல ஒரு கூச்சமே இல்ல. நான் கம்ப்யூட்டர அமத்திட்டேன். அவர் எத்தனையோ தடவ கூப்பிட்டாரு, நான் எடுக்கல. எங்கம்மாவ வேண்டாம்னு சொன்ன ஆளுன்னு ஒரு வருசமாத் திட்டிட்டு இருந்தேன். அவர் மொதல் கேள்விக்கில்ல சொல்லியிருக்காரு."

பிறகு அழுதார். சத்தமே வரவில்லை. சத்தம் இல்லாத அழுகையைப் பெட்டியால் கண்டுபிடிக்க முடியாது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

பாலகுமாரிடம் பேசிப் பார்க்கலாமே என்று நான்தான் யோசனை சொன்னேன். "அங்க ஒரு பொண்ணு தாம்பூலம் வாங்கிட்டு உக்காந்திருக்கு சார். அதுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து, என் பெட்டியின் வயர்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பிடுங்கிப்போட்டார். நான் தடுக்கவில்லை.

மகள் இறங்கிப்போன பிறகும் விசாலாட்சி அம்மாள் மட்டும் வாசலில் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. "உங்களுக்கு நாங்க என்ன தம்பி செஞ்சோம்?" என்று கேட்டார். நான் கீழே கிடந்த வயர்களைச் சுருட்டத் தொடங்கினேன். "மனசுல ஒண்ணு இருந்தா ஒருக்கா கீழ வந்து கதைச்சிருக்கலாமே. நாங்க காது குடுத்துக் கேக்காமலா போயிருப்போம்?" என்று சொல்லிவிட்டு, மெதுவாகப் படியிறங்கிப்போனார்.

நடந்தது இவ்வளவுதான் ஐயா. நீங்கள் கேட்டபடி தெளிவாக ஒப்புக்கொள்கிறேன். 2008 மார்ச் முதல் ஏப்ரல் வரை பாலகுமாரின் குரலைத் தாமதப்படுத்தியது நான். நெட் நன்றாக இருக்கிறது என்று சுதாராணியிடம் சொன்னதும் நான். முதலாவது பெட்டி செய்த வேலை என்று வாதாடலாம். இரண்டாவதற்குப் பெட்டியைக் காரணம் சொல்ல முடியாது என்பதை நேற்று முழுதும் யோசித்து ஒத்துக்கொண்டுவிட்டேன். போலீஸுக்குப் போனால் இந்தக் கடிதத்தையே கொடுக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. வயர்களை நான் மறுபடி மாட்டவில்லை. நான்கு வீட்டுக்கும் லைனைச் சமமாகப் பிரித்துவிட்டேன்.

ஆனால் விசாலாட்சி அம்மாள் சொன்னதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோபத்தில் சொன்ன வார்த்தை அல்ல அது. ஒருமுறை வந்து பேசியிருந்தால் கேட்டிருப்போம் என்று அவர் வாயாலேயே சொன்னார். பக்கத்தில் சாட்சிக்கு ஆள் இல்லை, ஆனால் நான் அப்போதே குறித்துவைத்துக்கொண்டேன். இந்த நான்கு நாளாக அதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வயது நாற்பத்தொன்று. குடி, சிகரெட் கிடையாது. சொந்தமாகக் கடை இருக்கிறது. அவர் அம்மாவை விட்டுப் பிரிய வேண்டிய அவசியமே இருக்காது, ஒரு மாடி ஏறினால் போதும். அவர் எப்போது சிரிப்பார் என்று உலகத்தில் என்னைவிடத் துல்லியமாகத் தெரிந்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? சுதாராணிமேல் எனக்கு அப்படி இப்படி எதுவும் இல்லை. நடந்ததற்கு ஒரு பரிகாரம் செய்ய வேண்டும் என்பதுதான்.

கீழே போய்ப் பேச எனக்கு வராது. நீங்கள் பெரியவர், வீட்டுக்காரர், அந்த அம்மாளும் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பவர். அடுத்த முறை வாடகை வாங்க மலைக்கு வரும்போது, நல்ல நாளாகப் பார்த்து, எனக்காக நீங்களே கேட்டுச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ராஜ்மோகன்,
மாடிப் போர்ஷன்.

இணைப்பு: என் ஜாதகம், நகல் ஒன்று.